சீற் கூரையும் மூட்டு வருத்தமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் சுகாதார விளக்கக் கூட்டங்களில் டெங்கைப் பற்றிப் பேசினாலும் நீரிழிவைப் பற்றிப் பேசினாலும், முடிவில் யாராவது ஒருவர் கூரையைக் காட்டி, இந்தச் சீற்றால் கேடு வருமா என்று கேட்பார். போருக்குப் பின் மீள்குடியேறியபோது பலர் போட்டது அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துச் சீற்தான். பழைய வீட்டின் உடைந்த சீற்றும் பலரது வளவில் இன்னும் கிடக்கிறது. அண்மைக் காலமாக அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: மூட்டுவாதம், லூபஸ் போன்ற வருத்தங்களுக்கும் இந்தச் சீற்றுக்கும் தொடர்பு உண்டா? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

எங்கட வீட்டுச் சீற்றில உண்மையிலயே அஸ்பெஸ்டஸ் இருக்குதோ?

நெளி நெளியான சாம்பல் நிறச் சீமெந்துச் சீற் என்றால் பெரும்பாலும் இருக்கிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அஸ்பெஸ்டஸ் நார், மிச்சம் சீமெந்து. இந்த நார் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு கனிமம். இலங்கை அதை வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ரஷ்யாவிலிருந்து இறக்குமதி செய்கிறது.

இப்போது அஸ்பெஸ்டஸ் கலக்காத சீற்றும் கடைகளில் உண்டு. அதில் செயற்கை நாரும் மரக்கூழும் சேர்ப்பார்கள். பார்த்தோ தட்டியோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியால் பார்த்தால்தான் தெரியும். பழைய சீற் என்றால் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

அப்ப அதுக்குக் கீழ படுத்தெழும்புறதே கூடாதோ?

முழுசாக, வெடிப்பில்லாமல் இருக்கிற சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கிறது. அதன் கீழே படுப்பதால் மூச்சுக்குள் போவது மிகக் குறைவு. கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நித்திரை கெட வேண்டாம்.

வெட்டும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது, காய்ந்த தூளைக் கூட்டும்போதுதான் ஆபத்து. கிரைண்டரால் சீற் வெட்டும் இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி எழும்புகிறதே, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வெட்டினவர் வேலை முடித்துத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலும் அவை இறங்கியிருக்காது.

ஆட்டோ இமியூன் வருத்தம் எண்டு டொக்டர்மார் சொல்லுகினம். அது என்ன?

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கிற ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. அது எதிரி யார், தன் உடம்பு எது என்று பிரித்தறியத் தவறி, சொந்தத் திசுவையே தாக்கத் தொடங்கினால் அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் தன்னுடல் தாக்கு நோய் என்பார்கள். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், சிறுநீரகம், மூட்டு, இரத்தம் என்று பலவற்றைத் தாக்கினால் லூபஸ். தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கினால் ஸ்கிளரோடேர்மா.

இவற்றில் எதுவும் தொற்றுவதில்லை. ஒருவருக்கு வருவதற்குப் பரம்பரை, ஹோர்மோன், புகைத்தல், சில தொற்றுகள், சில தூசுகள் என்று பல காரணங்கள் சேர வேண்டும். ஒற்றைக் காரணத்தைத் தேடிப் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

தூசு நெஞ்சுக்குள்ளதானே போகுது. அது எப்பிடி மூட்டைப் போய்ப் பிடிக்கும்?

மூச்சோடு உள்ளே போகிற தூசை விழுங்கிச் செரிப்பதற்கென்று நுரையீரலில் சில கலங்கள் இருக்கின்றன. அஸ்பெஸ்டஸ் நார் அந்தக் கலத்தைவிட நீளமாக இருந்தால், தொண்டையில் குறுக்காக மாட்டின மீன்முள் போல ஆகிவிடும்: விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அந்தக் கலம் அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் செத்துப்போகும். உள்ளே இருந்தவை வெளியே சிந்தும். நாரோ அப்படியே கிடக்கும். அடுத்த கலம் வரும், அதற்கும் அதே கதி.

இது வருடக்கணக்கில் நடந்தால், வெளியே சிந்திய தன் உடம்புப் பொருட்களையே அந்நியம் என்று எடுத்துக்கொண்டு காவல் ஏற்பாடு அவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை, அதாவது வழமையாகக் கிருமிகளை எதிர்க்கச் செய்கிற புரதங்களை, செய்யத் தொடங்கலாம். அவை இரத்தத்தோடு உடம்பு முழுதும் போகும். தூசு மூட்டுக்குப் போக வேண்டியதில்லை, அது கிளப்பிவிட்ட குழப்பம் போனால் போதும். இதில் அழற்சி உண்டாகிற பகுதி ஆய்வுகூடங்களில் தெளிவாகக் காட்டப்பட்டது. அந்த அழற்சி முழு நோயாக முற்றுகிற பாதைதான் இன்னும் ஆராயப்படுகிறது.

இதை எங்கயாவது மனிசரில பாத்து நிரூபிச்சிருக்கினமோ?

இருப்பதற்குள் வலுவான சாட்சி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள லிபி என்ற சின்ன ஊரிலிருந்து வருகிறது. அங்கே வெர்மிகியூலைட் என்ற கனிமத்தைத் தோண்டினார்கள். தோட்டத்துக்கும், குளிர் தாங்க வீட்டுச் சுவருக்குள் நிரப்பவும் அது பயன்பட்டது. அந்தக் கனிமத்தோடு கொடிய வகை அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990 இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் தொழிலாளர்கள் உடுப்பில் தூசை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், பிள்ளைகள் அந்தக் குவியல்களில் ஏறி விளையாடியிருந்தார்கள், ஊர்த் தோட்டங்களில் அது உரத்தோடு கலந்திருந்தது. 2009 இல் அமெரிக்க அரசு அந்த ஊருக்குப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

அந்த ஊர் மக்களின் இரத்தத்தை, அதே மாநிலத்தில் அஸ்பெஸ்டஸ் பிரச்சினை இல்லாத மிசூலா நகர மக்களின் இரத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2005 இல் வெளிவந்தது. சொந்தக் கலத்தின் கருவையே எதிர்க்கிற பிறபொருளெதிரிகள் லிபி மக்களில் கூடுதலானவர்களிடம் இருந்தன, கூடுதலான அளவிலும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு லூபஸ், ஸ்கிளரோடேர்மா, முடக்குவாதம் உள்ளவர்களை எடுத்துப் பார்த்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், சுரங்க நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. எத்தனை வழிகளில் ஒருவருக்குத் தூசு பட்டிருந்ததோ அதற்கேற்ப அபாயமும் ஏறியிருந்தது.

இது தொடர்பைக் காட்டுகிறது. அஸ்பெஸ்டஸ்தான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல இது போதாது என்பதே என் எண்ணம். நுரையீரல் புற்றுநோய் விடயத்தில் இருக்கிற அளவு சாட்சி இந்த விடயத்தில் இன்னும் சேரவில்லை.

அப்ப எங்கட சீற்றும் அதே மாதிரித்தானோ?

இல்லை, வித்தியாசம் இருக்கிறது. அஸ்பெஸ்டஸில் இரண்டு குடும்பங்கள். கூரைச் சீற்றில் இருப்பது கிரைசொடைல் எனப்படும் வெள்ளை வகை. அதன் நார் சுருண்டது, நுரையீரலிலிருந்து ஓரளவு விரைவாக வெளியேறும். லிபியில் இருந்தது அம்பிபோல் குடும்பம். நேரான, விறைப்பான நார், உள்ளே போனால் பல ஆண்டுகள் தங்கும். நீலமும் பழுப்பும் அந்தக் குடும்பத்தையே சேர்ந்தவை. 2014 இல் எலிகளில் செய்த ஒரு பரிசோதனையில் அம்பிபோல் வகைகள் மேலே சொன்ன பிறபொருளெதிரிகளை உண்டாக்கின, வெள்ளை வகை உண்டாக்கவில்லை.

ஆகவே லிபிக் கதையை அப்படியே கொண்டுவந்து எங்கள் கூரைமேல் வைக்க முடியாது. அதேநேரம், வெள்ளை அஸ்பெஸ்டஸ் தோண்டுகிற சில சுரங்கங்களில் ட்ரெமொலைட் என்ற அம்பிபோல் வகையும் சிறிதளவு கலந்து வருவதுண்டு. எலிக்கு வராதது மனிதருக்கும் வராது என்றும் சொல்லிவிட முடியாது.

கடைக்காரர் சொல்லுறார், வெள்ளைச் சாமானால ஒரு பயமும் இல்லையாம். உண்மையே?

உண்மை இல்லை. முந்தின பதில் தன்னுடல் தாக்கு நோய்களைப் பற்றியது மட்டும். புற்றுநோய் என்று வந்தால் வெள்ளையும் சேர்த்து எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகம், பிறகு நெஞ்சு வயிற்று உறைகளில் வரும் மீசோதீலியோமா என்று அந்தப் பட்டியல் போகிறது. வேலைத்தல அஸ்பெஸ்டஸால் உலகில் ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணிப்பு.

நான் கனகாலம் மேசன் வேலை. சீற் வெட்டினது கொஞ்சநஞ்சமில்லை. இப்ப காலமை எழும்பினா விரல் மடக்க ஏலாமக் கிடக்கு. இதாலதானோ?

இதாலதான் என்றும் இதால் இல்லை என்றும் எந்த டொக்டராலும் ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறி முக்கியமானது. காலையில் விரல் இறுகி, இளக அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று எடுக்கிறது, விரலின் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குகின்றன, இரண்டு கையிலும் ஒரே மாதிரி நோகிறது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு. தொடங்கிய முதல் மாதங்களிலேயே பிடித்தால் மூட்டுக் கோணாமல் காப்பாற்றலாம். எண்ணெய் பூசிக்கொண்டு இரண்டு வருடம் பொறுத்திருந்து வந்தால், கோணின விரலை மருந்து நிமிர்த்தாது. சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் மூட்டு நோகிறதும் உண்டு. ஆகவே, எந்த வருத்தம் என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

போகும்போது இரண்டு விடயம் மறக்காமல் சொல்லுங்கள், ஐயா. ஒன்று, உங்கள் வேலை. சீற் மட்டுமல்ல, சீமெந்து, மணல், கருங்கல் தூசு எல்லாம். கருங்கல்லிலும் மணலிலும் இருக்கிற சிலிக்காத் தூசுக்கும் முடக்குவாதம், லூபஸ், ஸ்கிளரோடேர்மா மூன்றுக்கும் உள்ள தொடர்பு அஸ்பெஸ்டஸைவிட நன்றாக உறுதியானது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில் ஸ்கிளரோடேர்மா கூடுதலாக இருந்தது 1957 இலேயே எழுதப்பட்டிருக்கிறது. கல் உடைக்கும் ஆலைகளில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளை நினைத்தால் சீற்றைவிட அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. மற்றது, பீடி, சிகரெட் குடிக்கிறீர்களா என்பது. புகைத்தல் முடக்குவாதத்தையும் வரவழைக்கும். அஸ்பெஸ்டஸோடு சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்காக்கும்.

முடக்குவாதம் என்று முடிவானால் பெரும்பாலும் மெதோட்ரெக்சேற் தருவார்கள். அது நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும். தூசு வேலை செய்தவர் என்று தெரிந்தால், தொடங்குமுன்பே நெஞ்சுப்படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு இருமல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் வேணும்.

இரத்தத்தில ஏஎன்ஏ பொசிற்றிவ் எண்டு வந்திருக்கு. எனக்கு லூபஸ் வந்திட்டுதோ?

ஏஎன்ஏ என்பது லிபியில் பார்த்த அதே பிறபொருளெதிரிக்கான சோதனை. சுகமாக இருக்கிறவர்களிலும் அது பொசிற்றிவ் ஆவது சாதாரணம். இரத்தத்தை 40 மடங்கு ஐதாக்கிப் பார்த்தால் நல்ல சுகமாக இருக்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும். 160 மடங்கு ஐதாக்கினாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும். வயது போனவர்களுக்கு இன்னும் கூட. துண்டில் 1:40, 1:160 என்று எழுதியிருப்பது அந்த அளவைத்தான். மூட்டு வீக்கம், வெயிலில் முகம் சிவத்தல், வாய்ப்புண், முடி கொட்டுதல், சலத்தில் நுரை மாதிரி அறிகுறி ஏதும் இல்லாமல் இந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் லூபஸ் என்று சொல்லக்கூடாது. அப்படி அறிகுறி இருந்தால் கட்டாயம் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

நெஞ்சுப்படம் எடுத்தா உள்ள தூசு இருக்கிறது தெரியுமோ?

நார் தெரியாது. அது செய்த காயம் தெரியலாம்: நுரையீரல் உறையில் தடிப்பு, சுண்ணாம்பு படிந்த திட்டு, கீழ்ப்பகுதியில் தழும்பு. இவையும் தூசு பட்டு இருபது வருடம் போல் கழிந்த பின்தான் தெரியும். படம் நன்றாக இருப்பதால் தூசு படவில்லை என்று ஆகாது. பழைய காசநோய்த் தழும்பும் இங்கே பலருக்கு இருப்பதால், முன்பு எடுத்த படங்களை எறியாமல் வைத்திருந்து மார்புநோய் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

வேலைக்குப் போறது அவர்தான். நான் வீட்டில. எனக்கு என்னத்துக்கு வரப்போகுது?

அக்கா, அவருடைய உடுப்பை உதறித் தோய்ப்பது யார்? அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. லிபியிலும் தூசு அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. வேலை உடுப்பை வீட்டுக்குள் எடுக்காமல், உதறாமல், வெளியே வாளித் தண்ணீரில் அமுக்கி ஊறவிட்டு, மற்ற உடுப்போடு சேர்க்காமல் தோயுங்கள். அவர் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்னுடல் தாக்கு நோய்கள் பெண்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். எங்கள் பெண்பிள்ளைகள் பலர் இப்போது ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மலேசியாவில் செய்த ஓர் ஆய்வில் துணித் தூசு பட்ட பெண்களுக்கு முடக்குவாத அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்கள். கூரையைப் பற்றிக் கேட்கிற அதே அக்கறையோடு, மகள் வேலை செய்கிற இடத்தில் காற்றை உறிஞ்சும் ஏற்பாடு இருக்கிறதா, முகக்கவசம் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

சண்டையில வீடு எரிஞ்சு சீற்றெல்லாம் வெடிச்சுது. வந்த பிறகு நாங்கள்தான் கூட்டி அள்ளினது. அப்ப ஒண்டும் தெரியாது. இனி என்ன செய்யிறது?

சீற்றுக்கு நெருப்புப் பட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வேட்டுச் சத்தத்தோடு துண்டு துண்டாகத் தெறிக்கும். அந்தச் சத்தம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். அப்படித் தெறித்ததைக் கையாலும் விளக்குமாற்றாலும் அள்ளித்தான் 2009 க்குப் பிறகு வளவுகளைத் துப்புரவாக்கினோம்.

அபாயம் தூசின் மொத்த அளவோடு ஏறுகிறது. சில நாட்கள், சில வாரங்கள் அள்ளியவருக்கும் இருபது வருடம் சீற் வெட்டியவருக்கும் அபாயம் ஒன்றல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. அஸ்பெஸ்டஸ் புற்றுநோய்கள் தெரிய 20 முதல் 40 வருடம், அதற்கு மேலும் எடுப்பதால் அந்தக் காலம் எங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதற்காக இப்போது குடிக்க ஒரு மருந்தும் இல்லை. புகைப்பவர் நிறுத்துவதுதான் செய்யக்கூடியதில் பெரியது. மூன்று கிழமைக்கு மேல் இருமல், ஏறி வருகிற மூச்சு வாங்கல், நெஞ்சு நோ, காரணமில்லாமல் மெலிதல் இருந்தால் காட்டுங்கள். காட்டும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். வைத்தியர்கள் பெரும்பாலும் தொழிலைத்தான் கேட்பார்கள், எரிந்த வீட்டை அள்ளினதை நீங்களாகச் சொன்னால்தான் தெரியவரும்.

உடைஞ்ச துண்டெல்லாம் இன்னும் வளவுக்குள்ளதான் கிடக்கு. எப்பிடி அகற்றுறது?

மழைக்காலத்தில், நிலம் ஈரமாக இருக்கும்போது செய்வதுதான் மிக இலகு. வெயிற்காலம் என்றால், நன்றாகக் கழுவிய மருந்தடிக்கும் ராங்கியில் தண்ணீரும் கொஞ்சம் சலவைத்தூளும் கலந்து, துண்டுகளின்மேல் மெல்லிய தூறலாக அடியுங்கள். வேகமாகப் பீச்ச வேண்டாம், தூசு கிளம்பும். ஊற விட்டு, கையுறையோடு ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குங்கள். பையில் கொள்ளவில்லை என்று உடைக்க வேண்டாம். வாரி இழுக்கவும் கூட்டவும் வேண்டாம். முகத்துக்கு, நுண்ணிய தூசைத் தடுக்கும் என்95 வகை முகக்கவசமாவது வேணும். துவாயும் துணிக் கவசமும் இந்த நாரைத் தடுக்காது. பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

பொறுக்கியதைத் தடித்த பொலித்தீனில் இரண்டு மடிப்பாகச் சுற்றி ஒட்டுங்கள். உரப்பையில் மட்டும் போட்டால் தூள் இழை வழியே வெளியே வரும். எங்கே புதைப்பது என்று பிரதேச சபையிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டுச் செய்யுங்கள். கிணற்றுக்குத் தூரமாக, பிறகு யாரும் கிண்டாத இடமாக, ஆழமாக இருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடித்த காணியா என்று நிச்சயமில்லாத இடத்தில் கிடங்கு வெட்டவே கூடாது.

ஒழுங்கையில் சேறு என்று உடைந்த சீற்றைக் கொட்டி நிரப்புவதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன். அதன்மேல் உழவு இயந்திரம் ஓட ஓட அது மாவாகிறது. கோடையில் அந்த மாவைத்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். தயவு செய்து இதை நிறுத்துங்கள். குப்பையோடு போட்டு எரிக்கவும் வேண்டாம்.

கூரையில பாசி. கம்பித் தூரிகை போட்டு உரஞ்சிக் கழுவலாமோ?

வேண்டாம். பாசியோடு சேர்ந்து மேல் சீமெந்தும் கழன்று நார் வெளியே வரும். மோட்டர் வைத்து வேகத் தண்ணீர் அடிப்பதும் அதே. பாசி கிடப்பதால் கேடில்லை. வெளிப்பக்கம் பொரிந்து வருகிறது என்றால் உரஞ்சாமல், கூரைக்குரிய பெயின்ற் பூசி மூடலாம்.

ஏறும்போது கவனம். பழைய சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது, நடுவில் கால் வைத்தால் உடைந்து ஆள் நேரே தரையில்தான். நாரால் இருபது வருடம் கழித்து வரக்கூடிய வருத்தத்தைவிட இப்படி விழுவது இன்றைக்கே உயிரை எடுக்கும். சலாகைகளுக்குக் குறுக்காகப் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும்.

சீற்றில விழுற மழைத்தண்ணியைக் குடிக்கலாமோ? சிறுநீரக வருத்தம் அதாலயும் வருமோ?

குடிக்கிற தண்ணீரில் இருக்கும் அஸ்பெஸ்டஸ் கேடு செய்கிறது என்பதற்கு ஒத்துப்போகிற சாட்சி இல்லை என்பதால் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு எல்லை அளவு எதையும் வைக்கவில்லை. வவுனியாப் பக்கம் பேசப்படும் சிறுநீரக நோய்க்கு ஆய்வாளர்கள் சந்தேகிக்கிற காரணிகளிலும் கூரைச் சீற் பேசப்படுவதில்லை. என்றாலும் முதல் மழையை ஓடவிட்டு, வடித்து எடுங்கள். தொட்டியின் அடியில் படிந்த மண்டியைக் காயவிட்டுச் சுரண்டாமல் ஈரத்தோடு அள்ளுங்கள்.

மாத்துறதெண்டா எதுக்கு மாத்துறது? ஓடு போட்டா குரங்கு விடாது.

இந்தப் பதிலைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் குரங்குப் பிரச்சினை உண்மை. ஒரு கூட்டம் கூரையில் பாய்ந்து போனால் பத்து ஓடு நழுவிக் கிடக்கும். தகரம் வெக்கை. அலுமினியம் கலந்த முலாம் பூசிய தகடு பாரம் குறைவு, குரங்குக்கும் உடையாது. கீழே சீலிங் அடித்து, மேலே காற்றுப் போக வழி விட்டால் வெக்கை ஓரளவு குறையும். அஸ்பெஸ்டஸ் இல்லாத சீற்றும் ஒரு வழி, வாங்குமுன் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது இருப்பது முழுசாக இருந்தால் கடன்பட்டு மாற்ற வேண்டாம். கழற்றுகிற வேலைதான் பெரிய தூசு, அதை அவசரப்பட்டு வரவழைப்பானேன்?

இவ்வளவு கூடாததெண்டா ஏன் இன்னும் தடை செய்யேல்லை?

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 இலிருந்து தடை. அவுஸ்திரேலியா 2003 முடிவில் நிறுத்தியது. அமெரிக்கா வெள்ளை வகைக்கு 2024 இல்தான் தடை கொண்டுவந்தது. இலங்கையில் நீல வகை முன்பே தடை. மற்றதையும் 2018 இலிருந்து இறக்குமதி செய்வதில்லை என்று அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் இங்கே அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிவைக்கப்பட்டது, அங்கே தேயிலைத் தடை நீங்கியது.

மகளுக்கு லூபஸ். சீற் வீட்டிலதான் இருக்கிறம். அவவை வேற இடத்துக்கு அனுப்ப வேணுமோ?

வேண்டாம். உடையாத கூரையின் கீழ் இருப்பதால் அவவின் லூபஸ் கூடும் என்பதற்குச் சாட்சி இல்லை. அவவுக்கு இப்போது முக்கியம் மருந்தைத் தவறவிடாமல் எடுப்பது, வெயிலுக்குக் குடையும் நீளக்கைச் சட்டையும், கிளினிக் நாளைத் தவறவிடாமை, சலத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்வது. கூரையைப் பற்றிய பயத்தில் வீடு மாறி, கிளினிக்கும் மாறி, நடுவில் மருந்து நின்றுபோனால் அதுதான் சிறுநீரகத்தைத் தாக்கும்.

கூரை திருத்துகிற, கழற்றுகிற வேலை நடந்தால் மட்டும், தொடங்குமுன் அவவைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். படுக்கை, உடுப்பு, சாப்பாட்டுச் சாமான்களை மூடிக் கட்டி வையுங்கள். வேலை முடிந்து, தரையையும் அலுமாரிகளின் மேற்பக்கத்தையும் ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்து, அந்தத் துணிகளையும் துண்டுகளோடு சேர்த்துச் சுற்றி அகற்றிய பிறகு அவவைக் கூட்டிவரலாம்.